டவர் ஸ்டாப்பில் டவர் இல்லை

இங்கிலாந்து போய் வந்தவர்கள் எழுதினால் அரண்மனை, ஆற்றுப்பாலம், பெரிய கடிகாரம் என்று எழுதுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் பார்த்தது நான்கு நாள் மழை, எண்ண முடியாத ஆடுகள், தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடி மண்டிய ஒரு மேடு. அந்த மேட்டில் ஒருகாலத்தில் கோட்டை மாதிரி ஒரு டவர் நின்றதாம். இப்போது இல்லை. இல்லாத ஒன்றைப் பார்க்க செங்கல்பட்டிலிருந்து அவ்வளவு தூரம் போவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நான் போனது அதற்காக இல்லை. என் தம்பியைப் பார்க்கப் போனேன்.

முரளி என்னோடு பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. காரணம் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு மறைப்பு வேலை ஆகிவிடும்.

இங்கிலாந்தின் வட கோடியில், ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் அவனுக்குப் பராமரிப்பு வேலை. அம்மா செங்கல்பட்டில் என்னோடு இருந்தாள். பக்கவாதம் வந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள், பேச்சும் போய்விட்டது. அவள் இறந்த சமயம் முரளியின் விசா நீட்டிப்பு மனு நிலுவையில் இருந்தது. அப்போது அந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் மனு செல்லாமல் போகும். எப்படியும் அவனால் வர முடியாது, தனியாகக் கிடக்கிற பிள்ளை கேள்விப்பட்டால் என்ன செய்துகொள்ளுமோ, பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. கூடியிருந்த சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. துபாயில் இருப்பவனுக்கும் சிங்கப்பூரில் இருப்பவனுக்கும் இப்படி ஆறப்போட்டுத்தான் சொல்வோம். அதை அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தலையாட்டியவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொய் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. முரளி தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவான். பதினைந்து நாள் கூப்பிட்டான். அம்மா தூங்குகிறாள் என்றேன், கஞ்சி குடித்தாள் என்றேன், நர்ஸ் வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போனாள் என்றேன். பதினாறாம் நாள் மத்தியானம் சித்தப்பா மகன் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினான். அம்மா படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, அதன் கீழே ‘ஆழ்ந்த துயரத்துடன்’ என்று போட்டு, முதல் பெயராக ‘மகன் முரளி (லண்டன்)’. எங்களுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். பேனர் நன்றாக வந்திருக்கிறது என்று அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேறு வைத்தான். சாயங்காலம் எப்படி ஆரம்பிப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், முரளி தன் பெயரில் தான் துக்கப்படுவதைத் தன் போனிலேயே பார்த்துவிட்டான். அன்று ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

அவனோடு வேலை பார்க்கும் ஒரு மலையாள நர்ஸிடம் விலாசம் வாங்கினேன். வருகிறேன் என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தன, பதில் இல்லை. வராதே என்று சொல்லவில்லையே, அது போதும் என்று கிளம்பினேன். அவனைப் பேச வைத்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு.

முதல் நாள்.

விமானமும் ரயிலும் ஒழுங்காகத்தான் போயின. பஸ்ஸில்தான் வந்தது வினை. அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று நடைதான் பஸ். ஓட்டுநர் நரைத்த தலைக்காரம்மா, இரண்டு கையிலும் பச்சை குத்தியிருந்தார். ஏறுகிற எல்லாரையும் ‘கண்ணு’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார், எனக்கும் அது கிடைத்தது. எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். விலாசத்தில் டவர் காட்டேஜ் என்று இருந்ததால் டவர் என்றேன். டவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்றார். எந்தப் பக்கம் இறங்கினால் என்ன, டவர் தெரியாமலா போகும் என்று நினைத்து, இந்தப் பக்கம் என்றேன்.

இறக்கிவிட்டுப் போய்விட்டார். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கம்பம், அதில் ‘டவர்’ என்று பலகை, அவ்வளவுதான். நிழற்குடை கிடையாது. சுற்றிலும் பச்சையாக மேடும் பள்ளமும், கற்களை அடுக்கிய வேலிச் சுவர்கள், ஆடுகள். மகாபலிபுரத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் வீடு என்று ஒருவர் சொன்னால் தலையைத் தூக்கினால் போதும், வழி தெரிந்துவிடும். இங்கே தலையைத் தூக்கினால் கண்ணுக்குள் தண்ணீர் போயிற்று. தப்பான இடத்தில் இறங்கிவிட்டோம் என்று முடிவு கட்டி, பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் புத்தி இருந்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். கூடுவாஞ்சேரியில் ஷேர் ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் ‘தேட்டர், தேட்டர்’ என்று கூவி ஆள் ஏற்றும் ஒரு ஸ்டாப் உண்டு. தியேட்டரை இடித்துத் துணிக்கடை வந்து எத்தனையோ வருஷமாகிறது. புதிதாக வந்த ஒருவர் அங்கே இறங்கித் தியேட்டர் எங்கே என்று கேட்டால் நாங்கள் சிரிப்போம்.

அரை மணி கழித்து நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் வந்தார். பின்னால் ஒரு நனைந்த நாய். பெயர் டாம் என்றார். அந்த நிலத்துக்காரரும் முரளி குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. விலாசச் சீட்டைக் காட்டினேன். டவருக்குப் பின்னால்தான் வீடு, வாருங்கள் என்றார். டவர் எங்கே என்றேன். எதிரே இருந்த வெறும் வயலைக் காட்டி, “அதோ” என்றார். கிண்டல் செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பெட்டியைக் கொடுத்தேன், மழையில் ரோஷம் பார்க்க முடியுமா.

முரளி கதவைத் திறந்தான். மீசையில் நரை வந்திருந்தது. “வந்தியா. உள்ள வா, நனையாத” என்றான். துண்டு கொடுத்தான். வெந்நீர் போட்டுக் கொடுத்தான். சோறு, பொட்டலப் பொடியில் வைத்த ரசம், முட்டைப் பொரியல் எல்லாம் செய்து வைத்திருந்தான். கோவளத்தில் வாங்கி நாலு கவரில் சுற்றி, வழியெல்லாம் வாசனை வந்துவிடுமோ என்று பயந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை மேஜையில் வைத்தேன். நன்றி என்று சொல்லி அலமாரியில் வைத்தான். அக்காவுக்குத் தம்பி நன்றி சொல்லுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவில்லை, என் மகளைப் பற்றிக் கேட்கவில்லை. தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு சோபாவில் படுத்துக்கொண்டான். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அத்தனையும் குறைவில்லாமல் நடந்தது. அவன் சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இரண்டாம் நாள்.

காலை ஆறு மணிக்கு அவன் வேலைக்குப் போய்விட்டான். மேஜையில் சாவியும், கடைக்குப் போகும் வழி எழுதிய சீட்டும் இருந்தன. அந்த ஊருக்கு ஒரே கடை, தபால் நிலையமும் அதுதான். மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த ஒரு பெரிய பணியாரம் சூடாக இருந்தது. பசியில் வாங்கிவிட்டேன். உப்பு மட்டும் தெரிந்தது, காரம் என்கிற பேச்சே இல்லை. டீ கேட்டால் தூளைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பச்சைப் பாலைத் தனியாகக் கொடுத்தார்கள். மதுராந்தகம் பஸ் நிலையத்தில் இப்படி ஒரு டீ கொடுத்தால் கடைக்காரர் மூஞ்சியிலேயே ஊற்றிவிட்டு வருவார்கள்.

கடைக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். என் முன்னால் வந்த ஒரு வேன்காரர் எங்கோ வழி கேட்டார். டவரைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்கள், டவருக்கு நேர் எதிரே பாலம் வரும் என்று அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்னார். வேன்காரரும் சரி என்று போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா, இல்லாத டவரை வைத்து எப்படி வழி சொல்கிறீர்கள் என்றேன். அது இல்லை என்று எங்களுக்குத் தோன்றுவதே இல்லை என்றார்.

பிறகு அவரே சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தும் கொள்ளைக் கூட்டங்கள் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போன காலம் அது. வசதியுள்ள குடும்பங்கள் ஆளுக்கொரு டவர் கட்டிக்கொண்டன. கீழ்த்தளத்தில் மாடு, மேலே மனிதர்கள், ஒரு ஆள் மட்டும் நுழையும் கதவு. எதிரி வந்தால் உச்சியில் தீ மூட்டி அடுத்த டவருக்குச் சொல்வார்கள். பிறகு சண்டை ஓய்ந்தது, டவர் தேவைப்படவில்லை. ஊரார் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் இடித்தேன் என்று சொல்வதில்லை, ஒரு கல்தானே எடுத்தேன் என்றுதான் சொல்வார்கள் என்றார் அந்த அம்மாள். அவருடைய கணவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு மூலைச் சுவர் மட்டும் மிச்சம் நின்றதாம். அதையும் மாட்டுக் கொட்டகை கட்டுவதற்காகக் கணவரின் அப்பாதான் பிரித்தாராம்.

அந்தக் கணவர் இப்போது முரளி வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், ஞாபகம் தவறிவிட்டது. நான் முரளியின் அக்கா என்று தெரிந்ததும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தினமும் டவரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பார், உங்கள் தம்பிதான் பொறுமையாகச் சமாளிக்கிறார், தங்கமான பிள்ளை, உங்கள் அம்மா கொடுத்து வைத்தவர் என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மழையில் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

கடைச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்க்காமல் வர என்னால் முடியவில்லை. நான் செங்கல்பட்டில் நில அளவைப் பிரிவில் வரைவாளர். அளந்து வருகிறவர்கள் வேறு, அதைத் தாளில் கோடாக இழுப்பது என் வேலை. அந்த மேட்டின் மேல் ஒரு சிறு குறி போட்டு, பழைய மோஸ்தர் எழுத்தில் ‘டவர், இருந்த இடம்’ என்று அச்சடித்திருந்தார்கள். நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் அலுவலக நில வரைபடமான புலப்படத்தில் ஏரி என்று இருக்கும். நேரில் போனால் அங்கே மாடி மேல் மாடியாக வீடு, பால்கனியில் துணி காயும். தாளில் மட்டும் தண்ணீர் வற்றாது. ‘இருந்த இடம்’ என்று எழுதுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அந்தத் தாள்களையே பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டதோ என்னவோ, பதினைந்து நாள் அம்மாவை அப்படித்தான் வைத்திருந்தேன்.

சாயங்காலம் முரளி வந்ததும் அம்மா என்று ஆரம்பித்தேன். அவன் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினான். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினான்.

மூன்றாம் நாள்.

அவனுக்கு விடுமுறை. ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை என் முன்னால் வைத்தான். “அக்கா, இத்த மாட்டு. ஒரு எடத்த அளக்கணும்” என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மாட்டிக்கொண்டேன். அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

வயலுக்குள் நடந்துகொண்டே சொன்னான். அந்தப் பெரியவரை ஜன்னலில் உட்காரவைத்து, இன்றைக்கு மேகமாக இருக்கிறது, டவர் தெரியவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தினமும் சொல்கிறானாம். அங்கே வேலையில் சேர்ந்தபோதே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். ஞாபகம் தவறியவர்களிடம் இல்லை என்று சொல்லக் கூடாது, சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குப் புதிதாக இழவு விழும். ஆனால் எந்தத் திசையைக் காட்டுவது என்றாவது சரியாகத் தெரிய வேண்டாமா என்றான். மேடு பெரிது, டவர் அதில் எந்த மூலையில் நின்றது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வரைபடத்தில் நான் பார்த்து வைத்திருந்த இரண்டு இடங்கள் தரையிலும் அப்படியே இருந்தன, பாலத்தின் மூலைக் கல்லும் தேவாலயச் சுவரின் முனையும். அந்த இரண்டிலிருந்தும் தூரம் கணக்குப் போட்டு, கயிற்றில் முடிச்சுப் போட்டோம். இரண்டு இடத்திலும் ஒரு முனையை அவன் பிடிக்க, நான் மறு முனையோடு வளைந்து நடந்தேன். இரண்டு வளைவும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் காஞ்சொறி இடுப்பளவு வளர்ந்திருந்தது. மனிதர்கள் வாழ்ந்த மண்ணில்தான் அது அப்படி வளரும் என்று டாம் சொல்லியிருந்தார். அதை மிதித்துப் படுக்கவைத்தோம். பூட்ஸ் கல்லில் இடித்தது. புல்லைப் பெயர்த்துப் பார்த்தால் செதுக்கிய மூலைக் கல், அதிலிருந்து ஒரு சுவரின் அடி. என் கால் எட்டில் இரண்டு எட்டு கனம் இருந்தது. ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. இந்தப் பக்கம் இழு, விடு, முடிச்சைப் பார் என்று அதட்டினேன், அவன் கேட்டான். அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது.

மழை கொஞ்சம் விட்டது. அந்தக் கல் மேலேயே உட்கார்ந்தோம். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான், நம்மூர் மாதிரி கொதிக்கவைத்த டீ. பிறகு போனை எடுத்தான். அந்தப் பதினைந்து அழைப்புகளின் பட்டியலைப் படமெடுத்து வைத்திருந்தான். தேதி, நேரம், எத்தனை நிமிஷம் பேசினான் என்பது வரை.

“ஒவ்வொண்ணா கேக்கறேன். நீ சொல்லு” என்றான்.

“கேளு.”

“மூணாவது நாளு. கஞ்சி குடிச்சாங்கன்னு சொன்ன. அப்ப நெஜமா இன்னா பண்ணிகினு இருந்த?”

“அஸ்திய மகாபலிபுரத்துல கரைச்சிட்டு வந்துகினு இருந்தோம். கார் ஜன்னல ஏத்திட்டுத்தான் போன எடுத்தேன். காத்து சத்தம் உனக்குக் கேக்கக் கூடாதுன்னு.”

“கொள்ளி?”

“சித்தப்பா மகன் வச்சான்.”

அவன் தலையை ஆட்டினான். அடுத்ததைக் கேட்டான், அதற்கடுத்ததைக் கேட்டான். நர்ஸ் வந்தாள் என்று சொன்ன நாளில் அம்மாவின் புடவைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தூங்குகிறாள் என்று சொன்ன நாளில் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், நான் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் பேசினேன். எதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்ல எனக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

“ஒம்பதாவது நாளு” என்றான். குரல் மாறியிருந்தது. “தூங்கினா பரவால்ல, போன அம்மா காதுல வையின்னேன். வச்சிட்டேன், பேசுன்னு சொன்ன. பத்து நிமிசம் பேசிகினு இருந்தேன். எங்க வச்ச?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒன்றரை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

“எங்கயும் வைக்கல. என் காதுலதான் வச்சிருந்தேன்.”

“போன கட்டில்ல போட்டுட்டு நீ பூட்டன்னு நெனச்சேன்” என்றான். “எல்லாம் கேட்டியா?”

“கேட்டேன்.”

அன்று அவன் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. இங்கே பிடிக்கவில்லை அம்மா, யார் யார் அம்மாவையோ குளிப்பாட்டிவிடுகிறேன், உன் காலை ஒரு நாள் பிடிக்க முடியவில்லை என்றான். விசாவும் வேண்டாம் வேலையும் வேண்டாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்றான். அம்மாவுக்குப் பேச்சு போன பிறகு அவளால் முடிந்தது ‘உம்’ என்கிற ஒரு சத்தம் மட்டும்தான். ஒரே ஒரு ‘உம்’ கொடு, அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. என் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்கும், அம்மாவின் மூச்சு என்று நினைத்திருப்பான். கடைசியில், சரி தூங்கட்டும் என்று வைத்துவிட்டான்.

“மூணு நாள்ல விசா வந்துச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல, அப்ப இங்கயே இருன்றாங்கன்னு நெனச்சிகினு வேலை ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டேன்” என்றான். “ஒரு உம் சொல்லியிருந்தா வந்திருப்பேன்க்கா.”

“தெரியும். தெரிஞ்சுதான் சொல்லல.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அந்த ஊருக்கு வந்த மூன்று நாளில் அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தான். சொல்லி முடித்துவிட வேண்டும் என்று மீதியையும் சொன்னேன். அவன் எதிர்காலம் கெடக் கூடாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அவன் வந்து இறங்கினால் என் பொய் பிடிபடும். வாசலில் நின்று, அம்மா எங்கே என்று கேட்பான். அதைச் சமாளிக்க எனக்குத் தைரியம் இல்லை. என் பயத்துக்காக அவனை அங்கேயே நிறுத்தி வைத்தேன்.

“நானும் தினம் பொய் சொல்றேன்” என்றான். “வூட்டுக்காரி சாயங்காலம் வருவா, டவரு நாளைக்கித் தெரியும்னு. அந்தப் பெருசுங்க அரை மணில மறந்துடுங்க. நான் மறக்கலக்கா.”

பிறகு முரளி அழுதான். யாரோ ஒரு குடும்பம் பகைக்குப் பயந்து எழுப்பிய சுவரின் அடிக்கல்லில் உட்கார்ந்து, நாற்பத்து மூன்று வயது ஆள், வாய்விட்டு அழுதான். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. அவன் முதுகைத் தொட வேண்டும் என்று கை போயிற்று. தொடுகிற உரிமையை நான் என்றோ இழந்துவிட்டேன் என்று தோன்றியதால் இழுத்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். “தெர்லக்கா” என்றான். அதைவிட நேர்மையான பதிலை அவனால் சொல்லியிருக்க முடியாது.

எழுந்து வரும் முன், மூலைக் கல் இருந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டான். முதியோர் இல்லத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில் அதில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பையைக் கட்டினான்.

நான்காம் நாள்.

வேலைக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். பஸ்ஸும் தாமதம். காற்று காதை அறுத்தது. அவன் தன் குல்லாவைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான், நான் வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை. ஊருக்கு வருகிறாயா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்ட காலம் முடியட்டும் என்றான். முடிந்த பிறகு என்று கேட்டேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்றான். நான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போன் பண்ணினால் எடுப்பாயா என்று மட்டும் கேட்டேன். எடுக்கிறேன் என்றான்.

அதே ஓட்டுநர் அம்மாதான் வந்தார். டவரைப் பார்த்தீர்களா கண்ணு என்றார். இருந்த இடத்தைப் பார்த்தேன் என்றேன். முரளி பெட்டியை ஏற்றிவிட்டு, என்னை ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இறக்கிவிடும்படி அவரிடம் சொன்னான்.

ஊர் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். சொன்னபடி எடுத்தான். நல்லபடியாக வந்து சேர்ந்தேன், இங்கே எல்லாரும் சௌக்கியம் என்றேன். சித்தப்பா எப்படி இருக்கிறார் என்றான். நன்றாக இருக்கிறார் என்றேன்.

“அவர்கிட்ட குடு” என்றான்.

பக்கத்து வீடுதான், கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா நாலு வார்த்தை பேசினார். சித்தியிடம் கொடுக்கச் சொன்னான். பிறகு என் வீட்டுக்காரரிடம், என் மகளிடம். யாரிடமும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. குரலைக் கேட்டதும் அடுத்தவரிடம் கொடுக்கச் சொன்னான். கடைசியில் போன் என்னிடம் வந்தபோது, சரிக்கா என்று சொல்லிவிட்டு வைத்தான்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். ஆறு மணிக்கு அவனே கூப்பிடுகிறான், நான் போனை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டிலும் இருக்கிற ஒவ்வொருவரிடமும் போகிறேன். யாராவது தூங்குகிறார்கள் என்று சொன்னால் எழுப்பச் சொல்கிறான். போன வாரம் சித்தப்பா குளிக்கப் போயிருந்தார். வரட்டும் என்றான். அவர் ஈரத் தலையோடு வந்து, “இன்னாடா முரளி” என்று சொல்லும் வரைக்கும் பத்து நிமிஷம், ஒரு வார்த்தை பேசாமல், லைனிலேயே இருந்தான்.